பூட்டை இழந்த சாவிகள்

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் வைபவத்திற்குச் சென்றிருந்தபோது, உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி சங்கிலியில் கோத்த ஒரு சாவியைக் கழுத்தில் அணிந்திருக்கக் கண்டோம். விரல் நீளம் இருக்கும். பித்தளையின் மஞ்சள் மங்கிக் கறுத்திருந்தது. தலைப்பக்கம் பூவேலை செய்த வளையம். அடிப்பக்கம் இரண்டே பற்கள். "இது எந்தப் பெட்டியின் சாவி, மகளே?" என்று வினவினோம். அவள் சிரித்துவிட்டு, "இது ஒன்றையும் திறக்காது, பெரியவாப்பா. சும்மா, பழைய மாடல்" என்றாள்.

ஒன்றையும் திறக்காத சாவி சாவியாகுமா? பந்தியில் அமர்ந்து பிரியாணியை உண்டுகொண்டிருந்தபோதும் இவ்வினா நம்மை விடவில்லை. அரபு இலக்கணத்தில் 'மிஃப்தாஹ்' என்பது கருவிப் பெயர். ஃபதஹ, திறந்தான் என்னும் வினையிலிருந்து பிறந்து, திறக்கும் செயலாலேயே அப்பெயரைப் பெற்றது. நம் தமிழின் திறவுகோலும் அவ்வாறே. திறக்கும் வேலை போய்விட்டால் இவ்விரு மொழிகளிலும் அப்பொருளுக்குப் பெயரே இல்லை. 'சாவி' என்னும் சொல்லுக்கோ அந்தச் சங்கடம் இல்லை. அது போர்ச்சுகீசியரின் சொல். தமிழ்ச் செவிக்கு அதனுள் வினை எதுவும் கேட்பதில்லை. (16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரை வணிகரின் மரக்கலங்களை மறித்துக் கொள்ளையிட்டவர்கள், திறப்பதற்குரிய சொல் ஒன்றை நம் நாவில் விட்டுச் சென்றதும் ஒரு விந்தைதான்.) ஆகவே அச்சிறுமியின் கழுத்தில் கிடந்தது சாவி; திறவுகோல் அன்று என்று கூறி அமையலாம்.

ஆனால் அவ்வளவோடு அமைய முடியவில்லை. சாவியை அணியாக அணிவது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. ரோமாபுரியினர் சிறு பேழைகளின் சாவியை மோதிரத்தோடு இணைத்து விரலில் அணிந்தனர். அத்தகைய மோதிரங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. இங்கிலாந்தின் இல்லத்தரசியர் இடுப்புக் கொக்கியிலிருந்து சாவிகளைச் சங்கிலியில் தொங்கவிட்டனர். நம் வீடுகளில் உம்மாமார் இடுப்பில் செருகிய வெள்ளிச் சாவிக்கொத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். புதிய மருமகளிடம் மாமியார் அக்கொத்தை எடுத்துக் கொடுக்கும் நாளில் அவ்வீட்டின் ஆட்சியே கைமாறிற்று. அக்கொத்து ஒலித்துக்கொண்டே அடுப்படியிலிருந்து முற்றத்திற்கு வரும். பிள்ளைகள் களவாக அள்ளிய சர்க்கரையை வாயிலிட்டு விழுங்கிவிட்டு நல்ல பிள்ளைகளாக நிற்போம். அந்த அணிகளெல்லாம் எதையேனும் திறந்தன. அணிந்தவரிடம் ஒரு பொறுப்பு இருப்பதை அவை ஊருக்கு அறிவித்தன. இன்றைய பதக்கம் அந்த அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிட்டது.

பழஞ்சாவிகளைத் திரட்டிச் சேர்ப்போரும் இப்போது பலர். அவர்கள் எங்கு வாங்குகிறார்கள் என்று அறிய விரும்பி, காரைக்குடி சென்றிருந்த ஒரு நாளில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்தோம். நகரத்தார் பெருமக்கள் பர்மாத் தேக்கைக் கொணர்ந்து எழுப்பிய மாளிகைகளிற் பல, பங்காளிகள் பெருகிப் பராமரிப்பார் இல்லாமல் இடிபடுகின்றன. இடிபட்டவற்றின் நிலைகளும் தூண்களும் கண்ணாடிகளும் பீங்கான் பூச்சுப் பாத்திரங்களும் அத்தெருவில் விலைக்கு நிற்கின்றன. ஒரு கடையின் வாசலில் மரத்தொட்டி நிறையச் சாவிகள் கிடந்தன. கையை விட்டு அளைந்தோம். இரும்பு, பித்தளை, ஒரு சாண் நீளமுள்ளது, சுண்டுவிரல் அளவுள்ளது, தண்டு துளையுள்ளது, துளையற்றது. ஒன்றை எடுத்து, "இது எந்த வீட்டுச் சாவி?" என்று கேட்டோம். கடைக்காரர் நல்லவர், பொய் சொல்லவில்லை. "வீடு எது என்று கேட்காதீர்கள் பாய். சாமான் லாரியில் வருகிறது, வீட்டின் பேர் கூட வருவதில்லை" என்றார். பூட்டு எங்கே என்றதற்கு, பூட்டுக் கதவோடு போய்விடும், சாவி தனியே நின்றுவிடும் என்றார்.

தொட்டியில் கிடந்தவை எல்லாம் பழையனவும் அல்ல. அதையும் அவரே எடுத்துக் காட்டினார். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். அதிலுள்ள செம்பு காற்றோடும் ஈரத்தோடும் கலந்து பச்சைக் களிம்பு ஏறப் பல ஆண்டுகள் வேண்டும். உப்பும் காடியும் தடவியோ, நவச்சார ஆவியில் மூடி வைத்தோ ஒரே இரவில் அதனை வரவழைத்துவிடுகிறார்கள். உண்மையிற் பழைய சாவியில் பல்லின் விளிம்பும் விரல் பற்றும் வளையமும் தேய்ந்திருக்கும். மற்ற இடங்கள் அவ்வளவு தேய்ந்திரா. செய்த பழமையோ எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். கைகள் தொட்ட இடம் எது, தொடாத இடம் எது என்பதை மருந்து அறியாதன்றோ!

இதில் குற்றம் எங்கே தொடங்குகிறது? நகைக்கடைகளில் 'ஆன்டிக்' என்று விற்கப்படும் மாலையும் ஜிமிக்கியும் நேற்றுப் பட்டறையில் செய்யப்பட்டுக் கறுப்பு மெருகு ஏற்றப்பட்டவை என்பதை விற்பவரும் அறிவார்; வாங்குபவரும் அறிவார். அங்கே அச்சொல் வயதைக் குறிக்கவில்லை. ஒரு சாயலைக் குறிக்கிறது. இருவரும் அறிந்து செய்யும் வாணிபத்தில் ஏமாற்று இல்லை. மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, மழை பட்டதென்றால் மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கடிந்த செய்தியை நாம் யாவரும் அறிவோம். ஈரம் பட்டது அவ்வணிகரின் பிழையன்று; அதனை அடியில் வைத்ததே பிழை. புதிய சாவியில் களிம்பேற்றுவது கைத்தொழில். களிம்பேற்றியதை மறைத்து நூறாண்டு விலை பெறுவதே ஈரத்தை அடியில் வைப்பது.

பெரிய இடங்களிலும் இது நேர்ந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் இலண்டனில் நடந்த ஏலம் ஒன்றில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கஃபாவின் சாவி என்று சொல்லப்பட்ட ஒரு சாவி 92 இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. பின்னர் அது அக்காலத்ததன்று என்று தெரிய வந்து அவ்விற்பனை இரத்தாயிற்று. இச்செய்தியைக் கேட்டபோது நமக்குச் சினம் எழவில்லை. வேறொரு கேள்விதான் எழுந்தது. அது மெய்யாகவே அக்காலத்துச் சாவியாக இருந்திருந்தால் மட்டும், அதனை வாங்கியவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

கஃபாவின் பழைய பூட்டுகளும் சாவிகளும் இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் உள்ளன. கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் ஹிஜ்ரி 765இல், மம்லூக் சுல்தான் ஷஅபான் காலத்தில் செய்த சாவி ஒன்று இருக்கிறது. அவை ஐயமின்றிப் பழையன. ஆனால் ஹிஜ்ரி 8இல், கி.பி. 630இல், மக்கா வெற்றியன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து சாவி பெறப்பட்டது, இறையில்லம் திறக்கப்பட்டது. அப்பெருமையைத் தம் குடும்பத்திற்குக் கேட்டவர்கள் அண்ணலாரின் நெருங்கிய உறவினர்கள். எனினும் சாவி உஸ்மானுக்கே திருப்பித் தரப்பட்டது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு ஆணையிடும் திருவசனம் இந்நிகழ்ச்சியை ஒட்டி இறங்கியதென விரிவுரையாளர்கள் எழுதுவர். அன்று முதல் பனூ ஷைபா குடும்பத்தாரே அதனை வைத்திருக்கின்றனர். 2024 ஜூனில் அக்குடும்பத்தின் மூத்தவர் மறைந்தபோது, சாவி அதே குடும்பத்தில் அடுத்தவர் கைக்குச் சென்றது. இடையில் பூட்டு எத்தனையோ முறை மாறிவிட்டது, சாவியும் மாறிவிட்டது. உஸ்மான் (ரலி) அவர்களின் கையில் இருந்த இரும்பு இன்று எங்கும் இல்லை. ஆயினும் அவர்களிடம் ஒப்படைத்த சாவி இன்றும் அக்குடும்பத்திடம்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இருப்பது பழைய உலோகம். மக்காவில் இருப்பது பழைய அமானிதம். ஏலத்தில் முன்னதை விற்கலாம். பின்னதற்கு விலை கூற எவராலும் முடியாது.

பைத்துல் முகத்தஸ் நகரிலும் இத்தகைய ஒன்று உண்டு. கிறித்தவர்கள் பெரிதும் மதிக்கும் திருக்கல்லறை ஆலயத்தின் சாவியைக் காப்பது ஜவ்தா என்னும் முஸ்லிம் குடும்பம். கதவைத் திறப்பது நுஸைபா என்னும் மற்றொரு முஸ்லிம் குடும்பம். பல நூற்றாண்டுகளாக இவ்வாறே நடந்து வருகிறது. தமதல்லாத ஓர் ஆலயத்தின் சாவியை வைத்திருப்பதில் அவர்களுக்கு உடைமை இல்லை. காலையில் எழுந்து போகவேண்டிய வேலைதான் இருக்கிறது.

சாவி வைத்திருப்பவருக்கு உரிமை எவ்வளவு என்னும் கேள்வி திருமறையின் நூர் அத்தியாயத்திலும் தொடப்பட்டிருக்கிறது. எவருடைய வீடுகளில் உண்பது குற்றமன்று என்று எண்ணிக் காட்டும் இடத்தில், உங்களிடம் சாவிகள் உள்ள வீடுகளும் எண்ணப்படுகின்றன. போருக்குச் சென்றவர்கள் பின்தங்கிய பார்வையற்றோரிடமும் நோயாளிகளிடமும் சாவிகளை ஒப்படைத்து, வேண்டியதை உண்ணுங்கள் என்று சொல்லிச் சென்றனர். அவர்களோ உண்ணத் தயங்கினர். அத்தயக்கத்தை நீக்கவே இவ்வசனம் வந்ததென்பர். சாவி கையில் இருந்தும் ஒரு பேரீச்சம்பழத்தை எடுக்கத் தயங்கிய அந்தக் கைகளை எண்ணுந்தோறும் நம் கைகளைப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஏன் என்பதை இனிக் கூறுகிறோம்.

நம் தங்கும் அறையின் சுவரில் ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இரும்பு, முக்கால் சாண் நீளம், மூன்று பற்கள். கடற்கரை ஊரில் இருந்த நம் வாப்பாவின் வீட்டு நிலைக்கதவின் சாவி. வாப்பா மறைந்தபின், பங்கு பிரிப்பதற்காக 1996இல் அவ்வீட்டை விற்றோம். கிரயம் பதிவான அன்று மாலையே, வாங்கியவர் புதிய திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து கதவில் மாட்டிவிட்டுப் போனார். பழைய சாவியை அவர் கேட்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. உம்மா மட்டும், "அவர் கேட்டால் கொடுத்துவிடு" என்றார்கள். 2011இல் உம்மாவும் மறைந்தார்கள். சாவி நம்மிடம் நின்றது.

அதனை நாம் எவ்வளவு நேசித்தோம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. வருவோர்க்கெல்லாம் காட்டினோம். மழை நாளில் எண்ணெய் பூசினோம். மதரசாவுக்கும் ஒரு நாள் எடுத்துச் சென்றோம். அமானித வசனத்தின் விரிவுரையை நடத்திய நாள் அது. பேச்சு பாலஸ்தீனத்துக்குத் திரும்பிற்று. 1948இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டதையும், சில நாளில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றதையும், அச்சாவிகள் பேரர் கைக்கு வந்துவிட்டதையும், பெத்லஹேமின் ஆயிதா முகாம் வாசலில் 2008இல் மாபெரும் சாவி ஒன்றைச் செய்து வைத்திருப்பதையும் எடுத்துரைத்தோம். உரைத்துக்கொண்டே நம் சாவியை உயர்த்திக் காட்டினோம். நம் குரல் தழுதழுத்தது. மாணவர்களும் கண் கலங்கினர்.

பின்வரிசையில் ஒரு மாணவர், பதினேழு வயதிருக்கும். அடக்கத்தோடு எழுந்து, "ஹஜ்ரத், அவர்களுடைய வீட்டைப் பறித்தார்கள். தங்கள் வீட்டையும் பறித்தார்களா, விற்றீர்களா?" என்றார்.

"விற்றோம்" என்றோம்.

"கிரயம் முழுதும் வந்துவிட்டதா, ஹஜ்ரத்?"

"வந்துவிட்டது."

அவர் அமர்ந்துவிட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகப் பதிந்தது.

ஒரு மாதம் கழித்து, ஷாஃபியீ மத்ஹபின் நூலாகிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், நிலமும் வீடும் விற்றால் எவையெவை உடன் சேரும் என்னும் பாடத்திற்கு வந்தோம். அறையப்பட்ட கதவு சேரும். வாளியும் கயிறும் கட்டிலும் சேரா. கதவோடு பொருத்தப்பட்ட பூட்டின் சாவியோ, எடுத்துச் செல்லத்தக்க பொருளாயினும், மிகச் சரியான கருத்தின்படி வீட்டோடு சேரும். தொங்கு பூட்டும் அதன் சாவியும் சேரா என்று உரைகாரர்கள் விளக்குவர். எத்தனையோ ஆண்டுகள் இவ்வரியை நடத்தியிருக்கிறோம்! அன்று மூலத்தை வாசிக்கும் முறை அதே மாணவருடையது. வாசித்துவிட்டு அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஆசிரியருக்குக் காட்டவேண்டிய மரியாதையை அவர் அறிவார்.

அன்றிரவு சமாதானங்களைத் தேடினோம். அவர் கேட்கவில்லையே என்று முதலில் தோன்றிற்று. மௌனமாயிருப்பவர் மீது ஒரு சொல்லை ஏற்றிவிடலாகாது என்னும் விதி இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களின் பெயராலேயே வழங்குகிறது. அதையும் நாம்தாம் நடத்துகிறோம். பழைய இரும்புக்கு என்ன விலை என்று அடுத்துத் தோன்றிற்று. விலையற்றதென்றால் அதனை ஏன் சுவரில் மாட்டி எண்ணெய் பூசினோம்? கடைசியாக, நினைவுக்கு உரிமை இல்லையா என்று நெஞ்சம் கேட்டது. இதுதான் வலிமையான வாதம். இன்றும் இதனை முற்றிலும் தள்ள நம்மால் இயலவில்லை. வாப்பா மஃரிபுக்குச் சென்று திரும்பி அச்சாவியைத் திருகும் ஓசை நம் காதில் இருக்கிறது. அவ்வோசையை எவருக்கும் நாம் விற்கவில்லை. ஆனால் அது நம் காதில் இருப்பதற்கு, அடுத்தவர் பொருள் நம் சுவரில் இருக்கவேண்டும் என்பதில்லையே. விரட்டப்பட்டவரின் சாவி ஒரு சாட்சி. வழக்கு முடியும்வரை சாட்சி கையை விட்டுப் போகலாகாது. விற்றவரின் சாவி எதற்குச் சாட்சி? கிரயத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, இழந்தவரைப்போல் தழுதழுத்தோமே. தம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டுபவரைப் பொய்யாடை இரண்டை உடுத்தவருக்கு ஒப்பிட்ட நபிமொழி நமக்கும் பொருந்துமோ என்று அஞ்சினோம். புதுச் சாவியில் களிம்பேற்றுபவரைப் பற்றி மேலே எழுதினோம். நாம் ஏற்றியது வேறு வகைக் களிம்பு.

சிறுமியின் பதக்கத்தை இப்போது நினைத்தால் அதில் குற்றம் காணத் தோன்றவில்லை. "ஒன்றையும் திறக்காது" என்று அவள் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாள்.

ரபீவுல் அவ்வலில் ஊருக்குச் சென்றோம். வாங்கியவர் காலமாகிவிட்டார், அவருடைய மகன் இருந்தார். முன்கட்டை இடித்துக் காங்கிரீட் வீடு கட்டியிருந்தார்கள். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முதலில் சிரித்தார். பிறகு நம் முகத்தைப் பார்த்துவிட்டு, கொல்லைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விறகும் தேங்காயும் போடும் அறைக்கு, நம் வாப்பாவின் நிலைக்கதவையே வைத்திருந்தார்கள். பொருத்திய பூட்டும் அதிலேயே இருந்தது. சாவி இல்லாததால் கீழே ஒரு கொண்டி அடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாவியை அவரிடமே கொடுத்தோம். அவர் துளையில் நுழைத்துத் திருகினார், அசையவில்லை. தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். பாதி திரும்பி நின்றுவிட்டது. "ஊறட்டும், காக்கா, காலையில் பார்க்கலாம்" என்று சாவியை அதிலேயே விட்டுவிட்டு, நமக்குத் தேநீர் கொடுத்தார்.

விடைபெறும்போது, "வாப்பா இருந்தபோது, இதற்கு இரண்டு சாவி உண்டென்று சொல்வார்கள். மற்றொன்று என்ன ஆயிற்று, காக்கா?" என்று கேட்டார்.

அது நாகப்பட்டினத்தில் நம் ராத்தாவிடம் இருக்கிறது. விசாரித்துச் சொல்வதாகக் கூறி வந்தோம். ராத்தாவுக்கு வயது 68. படுக்கும் பாயின் தலைமாட்டில் ஒரு தகரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் உம்மாவின் தஸ்பீஹும் அந்தச் சாவியும் இருக்கின்றன. கடிதம் எழுத இருமுறை அமர்ந்துவிட்டோம்; முகவரிக்குமேல் பேனா ஓடவில்லை.